டீச்சருக்குக் கேட்காத பதில்கள்

டியூப்லைட் கம்பியில் பனியன் துணிக் கிழிசலால் கட்டித் தொங்கவிட்ட அந்தச் சின்ன ஸ்பீக்கர், டீச்சரின் குரல் வரும்போதெல்லாம் லேசாக அதிரும். கீழே எங்கள் பவர் டேபிள் ஓடிக்கொண்டிருக்கும். நீளமான ஒரு மேசை, அதன் அடியில் ஒரே மோட்டார். அதிலிருந்துதான் எல்லாத் தையல் மெஷின்களுக்கும் பெல்ட் போகும். அந்த இரைச்சலுக்கு மேலே டீச்சர் இரத்தசோகையைப் பற்றிச் சொல்வார். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், பிள்ளைகளின் உதவித்தொகைக்கு எப்போது மனுப் போட வேண்டும் என்று சொல்வார். கை துணியை ஓட்டும், காது மேலே இருக்கும்.

டீச்சர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். என்னைவிட வயதில் சின்னவர். செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, எங்கள் தெருவில் வாடகை அறை பிடித்து மாலை வகுப்பு நடத்தினார். ஐந்தாவதோடு நின்ற நான் அங்கே போய்த்தான் மறந்த எழுத்துகளை மறுபடி பிடித்தேன். எப்போதும் கதவோரம் உட்காருவேன். கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பேன். "என்ன அண்ணாச்சி, பதில் தரையில எழுதியிருக்கோ?" என்று சிரிப்பாரே தவிர, ஒருநாளும் என்னை எழுப்பி நிறுத்தியதில்லை. அதற்காகவே நான் விடாமல் போனேன்.

ஊரடங்கில் அந்த அறையைக் காலி செய்தார்கள். வகுப்பு போனுக்கு வந்தது. எல்லாம் திறந்த பிறகும் டீச்சர் போனை விடவில்லை. அறை வகுப்புக்கு எங்கள் தெரு ஆட்கள் மட்டும்தான் வந்தார்கள். போனில் மடத்துக்குளத்திலிருந்து தோட்டங்காட்டு வேலை முடித்த பெண்கள் வந்தார்கள், அமராவதி நகர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எங்கள் கூடத்தில் என் மெஷின் நடுவில் இருந்ததால் என் போனில் அந்த ஸ்பீக்கரை மாட்டித்தான் எல்லோரும் கேட்டோம். முதல் நாள் எங்கள் மெஷின் சத்தம் வகுப்பையே மூழ்கடித்துவிட்டது. மடத்துக்குளத்து அம்மா ஒருவர், "ஏனுங்க, அங்க மழைங்களா இப்படிக் கொட்டுது?" என்று கேட்டார். டீச்சர் சிரித்துவிட்டு, "அண்ணாச்சி, உங்க மைக்க மட்டும் அடைச்சே வையுங்க" என்றார். அன்றிலிருந்து அதை அடைத்தே வைத்தேன். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது.

ஆனால் டீச்சர் கேள்வி கேட்டால் எங்கள் கூடம் சும்மா இருக்காது. "கீரைங்க டீச்சர்!" "மொத ஜன்னல்ங்க!" என்று மெஷினை மீறிக் கத்துவார்கள். அடைத்த போனுக்கு அது எப்படிக் கேட்கும்? டீச்சர் கொஞ்சம் காத்திருந்து, பிறகு தானே பதில் சொல்லிவிட்டு மேலே போவார். அவருடைய திரையில் எங்கள் கூடம் முழுவதற்கும் ஒரே பெயர், என் பெயர்.

ஒரு நாள் வகுப்பு முடியும்போது டீச்சரின் குரல் இறங்கியிருந்தது. "ஆபீஸ்ல பேர எண்ணிப் பாக்காவ. இந்த நாலு பேருக்கு எதுக்கு ஒரு வகுப்புன்னு கேக்காவ. அடுத்த வாரம் ஆபீஸ் மேடமே வகுப்புல சேந்து கேப்பாவளாம். ஆள் இல்லன்னா இதோட முடிஞ்சிரும்." கூடமே கொதித்தது. பனியன் ஓரத்தை மடித்துத் தைக்கும் பேட்லாக் மெஷினில் இருந்த அக்கா அன்றைக்கே டீச்சருக்குப் போன் செய்து, இங்கே ஒரு கூட்டமே கேட்கிறது என்று சொன்னார். டீச்சர் நம்பினார். ஆபீஸில்தான் நம்பவில்லை. தங்கள் காதால் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் என்னுடையது. மோட்டாரின் மெயின் சுவிட்சும் என் முதுகுக்குப் பின்னால்தான். மோட்டாரை நிறுத்தாமல் யார் பேசினாலும் மழைச் சத்தம்தான் போகும். மேடம் கேட்கும் நாளாகப் பார்த்து, என்றைக்கும் வெளியே போகிற முதலாளி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காதர்பேட்டைக் கடைகளுக்குச் சரக்குப் போக வேண்டும்.

டீச்சர் பாடத்தை முடித்தார். "மேடம் இருக்காவ. கேட்டுக்கிட்டிருக்கவங்க யாராவது பேசுங்க" என்றார். மடத்துக்குளத்து அம்மா பேசினார், அமராவதி நகர்க்காரர் பேசினார். பிறகு யாருமில்லை. "வேற யாரும் இருக்கீங்களா?" என்றார் டீச்சர்.

"இருக்கறமுங்க!" என்று கூடம் கத்தியது.

பேட்லாக் அக்கா என் பக்கம் குனிந்தார். "ஏனுங்ணா, நான் எந்திரிச்சா மொதலாளி பாத்துருவாரு. உங்களுக்குக் கை நீட்டுனா எட்டும். பொண்ணுப் பாக்கப் போனப்பவாச்சும் வாயத் தொறந்தீங்களா, இல்லீங்களா?"

"அப்ப இதோட முடிச்சுக்கலாம் மேடம்" என்றது ஸ்பீக்கர்.

எப்படித் திரும்பினேன் என்று தெரியவில்லை. மெயினை இறக்கினேன். மேசைக்கு அடியில் மோட்டாரின் தண்டு சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. மைக்கைத் திறந்தேன். எங்கள் கூடத்திலிருந்து டீச்சர் கேட்ட முதல் குரல் முதலாளியுடையது.

"எவன்டா அது மோட்டார நிறுத்துனது? நாளைக்குச் சரக்கு போவோணும்னு சொன்னனா இல்லியா?"

"யாரு அது?" என்றார் டீச்சர்.

முதலாளி எழுந்து வந்துகொண்டிருந்தார். "நானுங்க டீச்சர்" என்றேன். "நாங்க எல்லாருமே இங்கதான் இருக்கறமுங்க. தெனமும் பதில் சொன்னமுங்க. உங்களுக்குத்தான் கேக்கலீங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை. டீச்சர் தன் மைக்கை அடைத்திருந்தார். மேடம் என்ன முடிவு சொல்கிறார், டீச்சர் அழுகிறாரா, ஒன்றும் தெரியவில்லை. முதலாளி இடுப்பில் கைவைத்து என் தலைக்கு மேலே நின்றார். போன் திரையைக் குனிந்து பார்த்தார். கடைசியில் அவர்தான், "கரண்டு போனா நிக்கறதில்லியா, நிக்கட்டும். என்ன சொல்றாங்கன்னு கேளு" என்றார்.

டீச்சரின் குரல் கரகரப்பாகத் திரும்பி வந்தது. "ஒவ்வொருத்தரா பேரு சொல்லுங்க. மேடம் எழுதிக்கிடுதாவ."

மேசையின் அந்தக் கோடியிலிருந்து பெயர்கள் வரத் தொடங்கின. எங்களோடு தைக்கும் வடக்கத்திப் பையன்கள்கூடச் சொன்னார்கள். நான் கடைசியில் சொன்னேன்.

வகுப்பு நிற்கவில்லை. டீச்சர் இப்போது ஊருக்கே திரும்பிவிட்டார். வேறொருவர் பாடம் நடத்துகிறார். வகுப்பு தொடங்கும்போது முதலாளியே மெயினை இறக்குகிறார், நாங்கள் பெயர் சொல்கிறோம். ஆனாலும் ஆபீஸில் ஒவ்வொரு வருடமும் வகுப்பு தொடருமா என்று மறுபடி யோசிப்பார்களாம். புது டீச்சர் ஐந்து நிமிடம் தாமதித்தால்கூட வகுப்பை நிறுத்திவிட்டார்களோ என்று தோன்றுகிறது. நின்ற மெஷின்களுக்கு நடுவே கறுப்பாய்க் கிடக்கும் திரையைப் பார்த்து, "இருக்கறமுங்க" என்று நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.