ரயிலின் கை

அவளுக்கு ரயிலு என்று பெயர் வைத்தது காலர் லைன், சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் பெண்களின் வரிசை. மெஷினில் அவள் கால் வைத்தால் நடுவில் ஸ்டேஷனே கிடையாது என்று பக்கத்து மெஷின்காரி சொல்லப்போய், அதுவே நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே உடனே திரும்பமாட்டாள்.

நான் அந்தச் சட்டைக் கம்பெனியின் கேட்டருகே, ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் அறையில் வேலை பார்த்தவன். ரயிலின் அண்ணன் குடும்பம் எனக்கு எதிர் வீடு. இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதியை ரயிலிடமும் அவள் அண்ணியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஓரிடம் தவிர மற்றதெல்லாம் ஒத்துப்போயிற்று.

ரயிலு முதலில் வேலை பார்த்தது ஊரின் மறுகோடியில் இருந்த சின்னத் தையல் கம்பெனியில். அங்கே பீஸ் கணக்குக் கூலி. வேகமாகத் தைத்தவள் கூடுதலாக வாங்கிக்கொண்டு போவாள். அவள் வேகத்தால் அடுத்தவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கணவன் இறந்த பிறகு அந்த வேகத்தில்தான் அவள் வாடகை கட்டினாள், மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். பிறகு ஆர்டர் இல்லை என்று கம்பெனியை மூடினார்கள். அவளும் வீட்டைக் காலி செய்தாள். மகளின் படிப்புக் கெடக்கூடாது என்று அவளைக் கணவனின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, தான் மட்டும் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அந்த வீட்டில் இரண்டே அறை. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த வழியில் அவள் பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள். யாராவது எழுந்து வருவதற்குள் பாயைச் சுருட்டிவிடுவாள். தனியாக ஓர் அறை பிடிக்க வேண்டும், மகளை அழைத்துவர வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கத்திரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். கேட்டில் நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் அவளோடு முன்பு வேலை பார்த்தவர்கள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரிப்பார்கள், பிள்ளைகளை விசாரிப்பார்கள். எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள்.

ஓரிடத்தில் வயதைக் கேட்டார்கள். சொன்னாள்.

“இருபத்தஞ்சுக்குள்ளதான் எடுக்கறோம்மா.”

“என் கைக்கு இருபத்தஞ்சுதான் சார் ஆவுது. வேணும்னா தைக்கவிட்டுப் பாருங்க.”

அந்த மனிதர் சிரித்தார். கேட்டைத் திறக்கவில்லை.

கடைசியில் அண்ணிதான் எங்கள் கம்பெனியில் லைன் மாஸ்டரைப் பிடித்தாள். அண்ணி அங்கே பழைய ஆள். சட்டையில் காலரை ஏற்றித் தைப்பது அவள் வேலை. வலது தோள் பட்டையில் எப்போதும் மருந்துத் துணி ஒட்டியிருக்கும். “எங்க வீட்டு ஆளு மாஸ்டர். ஏதாவது ஒண்ணுன்னா என்னைக் கேளுங்க” என்றாள். மாஸ்டர் சம்பளம் குறைந்த சி கிரேடில் எடுத்துக்கொண்டார். காலர் ஓரத்தில் மேல்தையல் போடும் மெஷின் கிடைத்தது. ரயிலு முடித்த காலர், கட்டுக்கட்டாக நேரே பின்னால் அண்ணியிடம் போகும்.

சி கிரேடு சம்பளத்தில் அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்ததில் அறை பிடிக்க முடியாது. சில மாதங்கள் கழித்து மாஸ்டரிடம் போய்க் கேட்டாள்.

“ஏ கிரேடு ஒண்ணு காலியாத்தான் இருக்கு” என்றார் அவர். “நான் சொன்னா ஆபீஸ்ல காதுல போட்டுக்க மாட்டாங்க. வாட்ச்காரர் எழுதிக் குடுத்தா கேப்பாங்க. அவர் வர்ற அன்னிக்கு உன் கையைக் காட்டு.”

புது மாடல் சட்டை வரும்போதெல்லாம் ஆபீசிலிருந்து ஒருவர் ஸ்டாப்வாட்சோடு வருவார். அவர்தான் வாட்ச்காரர். ஒவ்வொரு மெஷினுக்கும் பின்னால் நின்று, ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதுவார். அதை வைத்துத்தான் மணிக்கு இத்தனை பீஸ் என்று லைனுக்கு டார்கெட் போடுவார்கள். அதனால் அன்று மட்டும் லைனில் எல்லாருக்கும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். எடுத்த பீஸைப் பெண் பார்ப்பதுபோல் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். பாதி நூல் மீதமிருக்கும் பாபினைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுவார்கள். இதற்கு வாட்ச் நடை என்று பெயர். மாஸ்டருக்கும் தெரியும். அவர் தலையிலும் அந்த டார்கெட்தான் விடியும் என்பதால் கண்டுகொள்ளமாட்டார். ஆனால் அந்த முறை டார்கெட்டைக் கூட்டச் சொல்லி ஆபீசில் அவரை நெருக்கியிருந்தார்கள். ஒரு வேகமான கை அவருக்குத் தேவைப்பட்டது.

இருவர் பேச்சும் ஒத்துப்போகாத இடம் இதுதான். முந்தின நாள் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி ஏதோ சொல்லியிருக்கிறாள்.

“நீ ஓடினா எங்க எல்லாரையும் ஓடவைப்பாங்கடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேண்ணே” என்பது அண்ணி சொன்னது.

“நாளைக்கு மெதுவாத் தைன்னாங்க. ஏன்னு சொல்லலை. பஸ்ஸு சத்தத்துல பாதி காதுலயே விழலை” என்பது ரயிலு சொன்னது.

எது சரி என்று எனக்குத் தெரியாது. பீஸ் கணக்கில் வளர்ந்த கைக்கு, தன் வேகம் அடுத்தவள் கழுத்தில் ஏறும் என்பது காதில் விழுந்திருந்தாலும் மனதில் ஏறியிருக்காது என்று நினைக்கிறேன்.

மறுநாள் வாட்ச்காரர் அவள் பின்னால் வந்து நின்றார். அவள் காலர்க் கட்டை அவிழ்த்தாள். முதல் காலர் போய் விழுவதற்குள் இடது கை அடுத்ததை எடுத்துவிட்டது. முனையில் திருப்பும்போது கூட மெஷின் சத்தம் குறையவில்லை. பக்கத்து மெஷின்காரி இருமினாள். இன்னொருத்தி தரையில் கத்திரிக்கோலை வேண்டுமென்றே போட்டாள். அண்ணி பின்னாலிருந்து “ரயிலு... நூலைப் பாரு” என்றாள்.

“நூல் நல்லாத்தான் இருக்கு அண்ணி” என்று திரும்பாமலே சொன்னாள் ரயிலு.

அவளுக்கு ஏ கிரேடு கிடைத்தது. லைனுக்குப் புது டார்கெட்டும் கிடைத்தது.

அதன் பிறகு அண்ணியின் மெஷினருகே காலர்க் கட்டுகள் குவிய ஆரம்பித்தன. காலர் ஏற்றுவது ஒவ்வொரு முறையும் முழுச் சட்டையையும் தூக்கித் திருப்பிச் செய்யும் வேலை. அந்தத் தோள் அதற்கு மேல் வேகம் கொடுக்கவில்லை. லைனில் யாரும் ரயிலோடு சேர்ந்து சாப்பிடவில்லை. “எக்ஸ்பிரஸ்ஸு வருது, ஒதுங்குங்கடி” என்று வழிவிடுவார்கள். ரயிலு வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். மாஸ்டர் வந்து நின்றார்.

“என்னம்மா, ஏ கிரேடு கசக்குதா?”

“எனக்கு சி கிரேடே போதும் மாஸ்டர். டார்கெட்டைப் பழையபடி போட்டுருங்க.”

“உன் கையைப் பாத்தாச்சு. பாத்ததைப் பாக்கலைன்னு எப்படிச் சொல்றது?”

அடுத்த ஆர்டர் குறைந்தபோது, டார்கெட் எட்டாதவர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அண்ணி அன்று கேட்டைத் தாண்டும்போது என் ஜன்னல் பக்கம் பார்த்து, “இனிமே என் நேரத்தை நீங்க குறிக்க வேண்டாம்ணே” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வீட்டில் அண்ணன் சத்தம் போட்டது எங்கள் வீடு வரை கேட்டது. “உனக்குக் கதவைத் திறந்துவிட்டதே அவதானே!”

அண்ணியின் குரல் தாழ்ந்து வந்தது. “விடுங்க. அவளாவது பொண்ணைக் கூட்டிட்டு வரட்டும்.”

ரயிலு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பிடித்தாள். மகள் வந்தாள். புது அறையைப் பார்க்க வாருங்கள் என்று அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டாள். அண்ணன் மட்டும் வந்து, வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்.

அண்ணியும் கேட் கேட்டாக நின்று பார்த்தாள். அவள் வயதுக்கும் தோளுக்கும் யாரும் வேலை கொடுக்கவில்லை. மறுபடி எங்கள் கம்பெனிக்கே வந்தாள், இந்த முறை பிசிறு வெட்டும் மேஜைக்கு. தைத்த துணியில் தொங்கும் நூல்முனைகளை நின்றுகொண்டே வெட்ட வேண்டும். தினக்கூலி. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. காலருக்கு ஒரு மேஜை, கைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று. அண்ணி காலர் மேஜையில் நின்றாள். அதாவது ரயிலு தைத்த காலர்கள் மறுபடியும் அவள் கைக்கே வந்தன.

ரயிலு ஒரு வேலை செய்தாள். சாப்பாட்டு நேரத்தில் மெஷினை விட்டு எழாமல், தன் கட்டுகளைத் தானே எடுத்துப் பிசிறை ஒட்ட வெட்டிவைத்தாள். அண்ணியின் தோளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான். யாரிடமும் சொல்லவில்லை.

மேஜையில் எல்லாருக்கும் சந்தோஷம். “இப்பல்லாம் காலரு தலைக்குக் குளிச்சுட்டுல்ல வருது” என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணி ஒரு காலரை எடுத்து முனையைப் பார்த்தாள். அது யார் வெட்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அந்த நாட்களில் இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்காரவும் செய்தார்கள்.

ஒருநாள் மாஸ்டர் அந்தப் பக்கம் வந்தார். காலர் மேஜையில் கைகள் சும்மா இருப்பதைக் கண்டார். “இங்க எதுக்கு இத்தனை ஆளு?” என்றார். வார முடிவில் காலர் மேஜையை எடுத்துவிட்டார்கள். சின்ன வயதுக்காரிகளை மற்ற மேஜைகளுக்கு மாற்றினார்கள். அண்ணியை மாற்றவில்லை.

கேட்டில் ரயிலு ஓடிவந்து அண்ணியின் கையைப் பிடித்தாள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

“அண்ணி, உங்களுக்கு வலி குறையும்னுதான்...”

“தெரியும்டி” என்றாள் அண்ணி. அவள் கையை விலக்கவில்லை. கோபமும் இல்லை. களைத்துப்போன குரலில், “உன் கை கொஞ்சம் சும்மாத்தான் இருக்காதா?” என்றாள்.

அதன் பிறகு அண்ணி வெளியே வேலை தேடவில்லை. வீட்டிலேயே ஒரு பழைய மெஷினைப் போட்டு, அக்கம்பக்கத்தாரின் கிழிசல் தைத்துக் கொடுத்தாள். ரயிலு இன்றும் காலர் லைனில் இருக்கிறாள், ஏ கிரேடில். விடுமுறை நாளில் மகளோடு எதிர் வீட்டுக்கு வருவாள். அண்ணி தேநீர் கொடுப்பாள், மகளின் படிப்பை விசாரிப்பாள்.

போன முறை அவர்கள் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மெஷினில் ஒரு ஜன்னல் திரை பாதி ஓரம் மடித்த நிலையில் கிடந்தது. சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டியது. அண்ணி தோளைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு எழுந்து போனாள். ரயிலின் கை தானாக நீண்டு திரையின் முனையைப் பிடித்தது. நகத்தால் ஒரு மடிப்பு நீவியும் விட்டது.

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“வேண்டாம்டி. நான் பாத்துக்கறேன்.”

ரயிலு திரையை விட்டாள். பிறகு, அண்ணி வந்து உட்கார்ந்து அந்த ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி நிறுத்தித் தைத்து முடிக்கும் வரை, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.