வானொலி விட்டுப்போன சேதி

கண்ணாடி உடையாமல் போட்டோ பிரேம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றுவது சின்ன வேலைதான். ஆனால் அந்தப் பிரேம் கடையில் அதை அவளைப் போல் யாரும் செய்வதில்லை. முதலில் நான்கு மூலைகளுக்கும் மடித்த காகிதம். பிறகு முழுத் தாள் இரண்டு. கடைசியில் சணல் ஒரு சுற்று. பத்தொன்பது வருடங்களாக அந்த மேசைக்கு முன்னால் நின்றபடி அவள் ஊரார் வீட்டுக் கல்யாணங்களையும் பட்டமளிப்புகளையும் பழைய பேப்பரில் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

அன்று ஒரு குழந்தையின் படத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, தாளின் ஓரத்தில் பென்சில் எழுத்து தெரிந்தது. சாய்ந்த, நெருக்கமான எழுத்து. அவள் கணவரின் எழுத்து.

முப்பது வருடம் கழித்து நூலகத்துக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த ஒருவரைப் பற்றிய நான்கு வரிச் செய்தி அது. அதைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில்: "நமக்கு: எத்தனை வருஷமானாலும் கேட்கலாம். மச்சான்கிட்ட குடையைக் கேட்கணும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வாயை மூடத் தெரியாமல் அப்படியே நின்றாள்.

"என்னக்கா, யார் கல்யாணம்?" என்றான் கண்ணாடி வெட்டுகிறவன், தலையைத் தூக்காமலே.

"குடை" என்றாள்.

அவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். தெருவில் அவருக்கு 'வானொலி' என்று பெயர். பால் வாங்கப் போனாலும் நாலு பேரை நிறுத்திச் செய்தி சொல்லாமல் வரமாட்டார். வீட்டில் தினமும் காலையில் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து, ஒரு செய்தியைப் படித்துவிட்டு, "இதுல நமக்கு என்ன சேதி, சொல்லு பாப்போம்" என்பார். பெரிய செய்தி எதையும் தொடமாட்டார். மூலையில் கிடக்கும் பொடிச் செய்திதான் வேண்டும்.

"நமக்கு ஒண்ணும் இல்ல. டீ ஆறுது, குடிங்க" என்பாள் அவள். இருபத்தாறு வருடமாக ஒரே பதில். பென்சிலை வைத்துக்கொண்டு குறுக்கெழுத்து போடுகிறார் என்றுதான் நினைத்திருந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை அவர் போனார். அன்று ஒரு விடுதிக்கு நாற்பது பிரேம் கொடுக்க வேண்டியிருந்ததால், அவள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பினாள். குளியலறையில் குழாய் திறந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணிய வீணாக்காதீங்க!" என்று செருப்பை மாட்டியபடி கத்தினாள்.

"இன்னைக்கு சேதி கேட்டுட்டுப் போயேன்!" என்றார் உள்ளேயிருந்து.

"வந்து கேக்கறேன்!"

பதினொன்றரை மணிக்குக் கடைக்குத் தொலைபேசி வந்தது. மூன்றாவது பாட வேளையில் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

ஒரு மாதம் கழித்து, வீட்டில் குவிந்திருந்த பேப்பர்களை அவள் தங்கை கட்டாகக் கட்டி வைத்தாள். கடையில் எப்போதும் காகிதத்துக்குப் பஞ்சம். அவளே அதைத் தூக்கி வந்து மேசைக்குக் கீழே வைத்தாள். எந்தத் தாளையும் படித்துப் பார்க்கவில்லை. அந்தப் பேப்பர்களில்தான் இத்தனை மாதமும் ஊரார் படங்களைச் சுற்றி அனுப்பியிருக்கிறாள், தன் கையாலேயே.

பேப்பர் கட்டில் கால்வாசிதான் மிச்சம் இருந்தது. மதியச் சாப்பாட்டைத் தொடாமல் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். இரண்டு வருடம் தாமதமாகத் திறந்த ஒரு பாலத்துக்குப் பக்கத்தில், "நமக்கு: சமையலறை அலமாரிக் கதவு. இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம்." எந்த ஊரிலோ நூறு வயதைத் தாண்டிய ஆமைக்குப் பக்கத்தில், "நமக்கு: அவசரப்படாததுதான் காரணம். இவளிடம் எப்படிச் சொல்வது?"

அலமாரிக் கதவு இன்னும் ஒரு கீலில்தான் தொங்குகிறது.

எல்லாம் பழைய தேதிகள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வியாழக்கிழமை. வந்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள் அவள்.

அவர் போன மறுநாளே பேப்பரை நிறுத்தியாகிவிட்டது, அதனால் கட்டின் உச்சியில் இருந்தது அந்த வியாழக்கிழமைப் பேப்பர்தான். கட்டைப் பிரித்த அன்றே அது போயிருக்கும். ஆர்டர் நோட்டைப் புரட்டினாள். அன்றைக்கு நான்கு படங்கள் போயிருந்தன.

"எட்டு மாசத்துக்கு முந்தின பேப்பரை எவன்மா வெச்சிருப்பான்?" என்றார் முதலாளி. சொல்லிவிட்டு, தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார்.

முதல் வீட்டில் அன்றே குப்பையில் போட்டுவிட்டார்கள். இரண்டாவது எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாவது வீட்டு அம்மாள் செருப்பு அலமாரியில் விரித்திருந்த தாளை உருவி மறுநாள் கொண்டுவந்தே கொடுத்தார். அதே வியாழக்கிழமை. ஆனால் விளையாட்டுப் பக்கம். ஓரம் வெறுமையாக இருந்தது.

நான்காவது ஆள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். தொலைபேசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது இன்னும் பிரிக்கவே இல்லீங்க. பீரோ மேல இருக்கு. நீங்க வந்தா... வீட்ல ஒண்ணும் சொல்லிக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை போனாள். மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை.

"ஊர்ல உள்ள லிஃப்ட்டெல்லாம் பாப்பாரு. நம்ம கட்டடத்துல மட்டும் நடந்துதான் ஏறணும்" என்று கதவைத் திறந்த அவர் மனைவி, மூச்சு வாங்கியவளை உட்காரவைத்தார். "என்ன விஷயம்க்கா?"

அதற்குமேல் மறைக்க வழியில்லை. மெக்கானிக் ஸ்டூலில் ஏறி பீரோ மேலிருந்து பொட்டலத்தை இறக்கினார். அவள் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது.

"இது என்ன, எனக்குத் தெரியாம?"

"ஒண்ணுமில்ல. ஒரு படம்."

"யார் படம்?"

அவர் தரையைப் பார்த்தார். "கருப்பன்."

"நாய்க்கா பிரேம் போட்டீங்க?"

"இதுக்குத்தான் சொல்லல. நீ சிரிப்பேன்னு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "கொடுங்க இப்படி" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "பதிமூணு வருஷம் சோறு போட்டவ நானு. நீங்க மட்டும் தனியா பீரோ மேல வெச்சுப்பீங்களா?"

தான் போட்ட முடிச்சை அவளே அவிழ்த்தாள். தாளைக் கிழிக்காமல் பிரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவினாள். உள்ளிருந்து ஒரு காது மடங்கிய கருப்பு நாய் எட்டிப் பார்த்தது. கணவனும் மனைவியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தாளைப் பார்த்தாள்.

ஐந்தாம் பக்கத்தில், கீழே, பென்சில் வட்டம்.

"குழாய் பழுது பார்க்கும் பணி காரணமாக இன்று காலை ஒன்பது மணி முதல் இரவு எட்டு மணி வரை கிழக்குப் பகுதியில் குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும். பொதுமக்கள் தேவையான தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளவும்."

ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. 'நமக்கு' என்றுகூட இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். ஆமைக்கு எழுதியவர், குடைக்கு எழுதியவர், இதற்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. இதற்காகவா மூன்று மாடி ஏறினோம் என்று இருந்தது.

"கெடச்சுதாக்கா?" என்று அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "ஐயோ, அந்த நாளா! மறக்க முடியுமா? யாருக்குமே தெரியல. கை கழுவக்கூட ஒரு சொட்டு இல்லாம நாறிப்போனோம். உங்க வீட்ல என்ன செஞ்சீங்க?"

"எங்க வீட்ல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

அன்று அவள் வீட்டில் தண்ணீர் இருந்தது.

அறுபது எழுபது பேர் வந்து போன வீடு. வந்தவர்கள் கைகால் கழுவினார்கள். பெரிய பாத்திரத்தில் மூன்று முறை டீ போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி கூச்சத்தோடு ஒரு குடம் கேட்டு வாங்கிப் போனாள். யாரோ அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்கள், குளிர்ந்த தண்ணீரில். குளியலறையில் இரண்டு பெரிய வாளியும் டிரம்மும் நிறைந்திருந்தன. சமையலறையில் குக்கர் முதல் அவருடைய டீக்குவளை வரை தளும்பத் தளும்ப நிரப்பி வரிசையாக இருந்தது. யார் பிடித்து வைத்தது என்று அவள் கேட்கவில்லை. வந்த சொந்தக்காரர்கள் யாராவது பிடித்திருப்பார்கள் என்றுகூட நினைக்கவில்லை. தண்ணீர் இருந்தது, செலவானது. மறுநாள் தங்கை கடைசி வாளியை ஊற்றி வீட்டைக் கழுவிவிட்டாள்.

"என்னக்கா ஆச்சு? தண்ணி குடிக்கறீங்களா?"

அவள் தலையாட்டினாள். சொம்பை வாங்கி முழுவதும் குடித்தாள்.

கிளம்பும்போது சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. "இன்னும் கொஞ்சம் மேல, என்னங்க. அவன் உயரமானவன்" என்றது மனைவியின் குரல்.

வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூட வைக்காமல் குளியலறைக்குப் போனாள். பெரிய வாளியைக் குழாயடியில் நகர்த்தித் திறந்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். வெறும் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் முதலில் பெரிதாக இருந்தது. நிறைய நிறைய அடங்கியது. அன்று காலை செருப்பை மாட்டியபோது கேட்டது இந்தச் சத்தம்தான்.

"கேட்டுட்டேங்க" என்றாள்.

தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது. காலை நனைத்துக்கொண்டு வாசற்படி வரை போனது. யாராவது சத்தம் போடட்டும் என்று அவள் குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தாள்.