உப்புக் குதிரையைக் கொன்றவர்

ஏ.எஸ்.ராவ் நகரில் நாங்கள் குடியிருந்த தெருவில் தமிழ்க் குடும்பங்கள் ஐந்து. ஐந்து வீட்டு அப்பாக்களும் ஒரே அரசாங்கத் தொழிற்சாலைக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்தார்கள். வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் படிக்க அமீர்ப்பேட்டைக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம். மிச்சமிருந்த பொடிசுகள் ஏழெட்டுப் பேருக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இந்தியிலோ பதில் சொல்வார்கள். தமிழ் எழுத்து தெரிந்த ஒரே பிள்ளை நான்தான். அதுவும் நானாக ஆசைப்பட்டுக் கற்றதில்லை. தினம் ஒரு பக்கம் தமிழ் வாசித்தால்தான் டிவி என்று அம்மா சட்டம் போட்டிருந்தாள்.

அப்போது எனக்குப் பத்து வயது. மே மாத மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட முடியாது. எங்கள் வீட்டில் ஒரு பெரிய தகரக் கூலர் இருந்தது. ஆளுக்கொரு வாளித் தண்ணீர் அதில் ஊற்றிவிட்டு எல்லோரும் ஹாலில் உட்காருவோம். அம்மா கதை வாசிப்பாள். கதை வாசிப்பவளின் மகள் என்ற முறையில் எனக்கு அந்தக் கூட்டத்தில் தனி மரியாதை. கூலருக்கு நேர் எதிரே உட்காரும் உரிமை என்னுடையது. அதற்கு முன்பும் பின்பும் அப்படியொரு செல்வாக்கோடு நான் வாழ்ந்ததில்லை.

அம்மா வாசித்தது கடையில் வாங்கிய புத்தகம் அல்ல. அம்மா சிறுமியாக இருந்தபோது ஒரு சிறுவர் வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, கடைசியில் பைண்டிங் செய்து வைத்தவர் என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன். சிவகாசிக்காரர்களுக்கு பைண்டிங் பெரிய வித்தை இல்லை. பழைய காலண்டர் அட்டையும் மைதாப் பசையும் போதும். அப்படி இரண்டு தொகுதிகளை அம்மாவின் கல்யாணத்தில் சீரோடு சீராகக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

முதல் தொகுதிதான் உப்புக் குதிரையின் கதை. மழையே பெய்யாத ஊர் ஒன்று. மின்னி என்ற சிறுமி உப்பு மலைக்குப் போய், அங்கே உப்பாலேயே ஆன ஒரு பறக்கும் குதிரையைப் பிடித்து, அதன் மேலேறி மேகங்களைத் தேடிப் புறப்படுகிறாள். வழியில் மூன்று பூதங்கள், பேசும் கிணறு, தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தூங்கும் ராஜா. ஒரு வழியாக மேகங்களை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பும்போது, கடலுக்கு மேலே மழை பிடித்துக்கொள்கிறது. குதிரையின் இறக்கைகள் கரையத் தொடங்குகின்றன. அதற்குக் கீழே ‘அடுத்த இதழில் முடியும்’ என்று போட்டிருந்தது. அதற்கடுத்த பக்கம் காலண்டர் அட்டை.

கடைசி வாரப் பக்கங்கள் இல்லை. அந்த வாரம் பத்திரிகை கடைக்கே வரவில்லை, கூட்டாளி வீட்டில் படித்தேன் என்று மாமா சொன்னாராம். முடிவை அவர் வாயால் கேட்டதுதான். அதை அம்மா அப்படியே எங்களுக்குச் சொன்னாள். மின்னி நீந்திக் கரையேறிவிட்டாள், குதிரை கரைந்து செத்துப்போனது. அந்த வயதில் இதற்காக மூன்று நாள் விடாமல் அழுதாளாம். குதிரையைக் கொன்ற பத்திரிகையை அதற்குப் பிறகு கையால்கூடத் தொடவில்லையாம்.

எதிர்வீட்டு வித்யா எழுந்து நின்றாள். எங்கள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

“நக்கோ ஆன்ட்டி. குதிரை சாகறது நக்கோ.” வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊர் இந்தியில் நக்கோ.

கதை அப்படித்தான் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். “கைக்கு ஆன்ட்டி?” என்று அதே இந்தியில் ஏன் என்று கேட்ட வித்யா, “அது என்ன பண்ணுச்சு?” என்றாள். அவள் ஒரு வாக்கியமாவது முழுசாகத் தமிழில் பேசி நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் மத்தியானம் ஒருவரும் வரவில்லை. எல்லோரும் வித்யா வீட்டில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் போனால் காய்களை மூடி வைத்தார்கள். கடைக்குட்டி சேது தயிர்சாதத்தில் உப்புப் போடக்கூடாது என்று சாதிக்கிறானென்று அவன் அம்மா வந்து புகார் சொல்லிவிட்டுப் போனார். குதிரையைக் கொன்றதே நான்தான் என்பதுபோல் எல்லோரும் என்னையே முறைத்தார்கள். கூலருக்கு எதிரே நான் மட்டும் தனியாக, குளிரக் குளிர உட்கார்ந்திருந்தேன்.

முடிவை மாற்றிச் சொல்லிவிடு என்று அம்மாவைக் கெஞ்சினேன். குதிரை நீந்தியது, திமிங்கிலம் தூக்கியது என்று நானே நாலைந்து முடிவு தயாரித்துக் கொடுத்தேன். அம்மா அசையவில்லை. எழுதினவர் எழுதியதை மாற்ற நான் யார் என்று சொல்லிவிட்டாள். பொய் என்றால் அம்மாவுக்கு ஆகாது. அவளுடைய அண்ணனுக்கோ சொந்தபந்தம் மொத்தத்திலும் புளுகு மூட்டை என்றுதான் பெயர்.

என் தினசரி ஒரு பக்கத்துக்கு மட்டும் விடுமுறை இல்லை. முதல் தொகுதியைத் தொடவே பிடிக்காமல் இரண்டாவதை எடுத்தேன். அது அடுத்து வந்த துப்பறியும் தொடர். அம்மா பிரித்தே பார்க்காதது. துப்பறிவாளர் மூன்று வாரமாக ஒரே குடையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். சலித்துப்போய், கிழித்த தாளின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறதென்று பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றில் பேனா விளம்பரம், ஒன்றில் புள்ளிகளை இணைக்கும் படம். நான்காவது வாரத்துத் தாளின் பின்னால் வாசகர் கடிதங்கள்.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். ‘உப்புக் குதிரை கடலில் கரைந்ததும் என் தங்கை பத்திரிகையைத் தூக்கி எறிந்துவிட்டாள். மீதியைப் படித்துக் காட்டிய பிறகுதான் சாப்பிட வந்தாள்’ என்று சேலத்திலிருந்து ஒருவர். அதற்குக் கீழே தூத்துக்குடியிலிருந்து ஒரு பையன். ‘கடல்நீர் காய்ந்ததும் குதிரை உப்பளத்தில் மறுபடி எழுந்து நின்றதைப் படித்து மகிழ்ந்தேன். நானும் தம்பியும் எங்கள் ஊர் உப்பளத்துக்குப் போய் மாலைவரை காத்திருந்தோம். குதிரையைக் காணவில்லை. வேறு ஊர் உப்பளமாக இருக்கும்.’

புத்தகத்தோடு அடுக்களைக்கு ஓடினேன். அம்மா வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்து போனை எடுத்தாள். சிவகாசிக்குப் பேச ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறவள், அன்று வார நாளில், பட்டப்பகலில் நம்பரைச் சுழற்றினாள்.

“அண்ணே, குதிரை சாகலையாமே.”

எந்தக் குதிரை என்று மாமா கேட்டிருக்க வேண்டும். “உப்புக் குதிரைதான். தூத்துக்குடிப் பிள்ளை ஒண்ணு எழுதியிருக்கு. நீங்கதான செத்துருச்சுன்னு சொன்னீங்க. ஏன் அப்படிப் பொய் சொன்னீங்க?”

மாமா பேசத் தொடங்கினார். வழக்கமாக அவர் சிரிப்பு போனுக்கு வெளியேயும் கேட்கும், அன்று கேட்கவில்லை. அம்மா மெல்லச் சுவரில் சாய்ந்தாள். “நானா? அழலையா?” என்றாள். கடைசியில், “எனக்கு ஞாபகமே இல்லண்ணே” என்றாள்.

போனில் மாமா சொன்னதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவளுடைய அம்மா ஐந்து நாள் காய்ச்சலில் இறந்துபோனார். வீடு நிறைய ஜனம் அழ, அம்மா மட்டும் அழவில்லை. சாப்பிடவில்லை, தூங்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பெரியவர்கள் கூடிக்கூடிப் பேசியிருக்கிறார்கள். அந்த வாரம் பத்திரிகை எப்போதும்போல வந்தது. பதினான்கு வயது மாமா முடிவைப் படித்தார், அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டார், தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து குதிரை செத்துப்போச்சு என்றார். அப்போதுதான் அம்மா அழுதாள். மூன்று நாள் அழுதாள்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. அம்மா போனை வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவதை மட்டும் பார்த்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. “அதான் பொழச்சிருச்சே, இன்னும் எதுக்கும்மா அழறே?” என்று கேட்டேன். அம்மா என்னை இழுத்து அணைக்கப் பார்த்தாள். எனக்கு ஏது நேரம்? கையை உதறிவிட்டு, குதிரை உயிரோடு இருக்கிறது என்று கத்திக்கொண்டே வித்யா வீட்டுக்கு ஓடினேன்.