பாலோ ஆட்டுக்குட்டிகளும் கார்டு தேவசகாயம் அண்ணனும்

சபையாருக்கும், சபைக்குள் வராமல் வாசலில் நின்று பாட்டு மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும், ஜொகூர் பாரு ரயில்வே குடியிருப்பில் கோழி வளர்ப்போருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: பாலோ தோட்டத்து லயத்தில் வசிக்கும் திருமதி அஞ்சலையின் வெள்ளாடு இரட்டைக் குட்டிகளை ஈன்றது. தாயும் சேய்களும் நலம். குட்டிகளின் தகப்பனார் யார் என்பது பற்றித் தோட்டத்தில் கருத்து வேறுபாடு உண்டு.

சிரித்தது போதும். தேவசகாயம் அண்ணன் சிறைக்குள் பாட வேண்டியிருந்த கடைசிச் செய்தி இது. பாடுவதற்கு முன் அவர் போய்விட்டார்.

அந்தச் செய்திக்குத்தான் நான் எதுகை தேடிக்கொண்டிருந்தேன். குட்டிக்குச் சுட்டி, வட்டி, பெட்டி என்று வந்துகொண்டிருந்தன. ஸ்டேஷன் போர்ட்டர் வேலுச்சாமி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வாசலுக்கு வந்து, "தம்பி, கார்டு போயிட்டாரு" என்றார்.

"எந்த வண்டியில?" என்று கேட்டேன். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அவர் போவதும் வருவதும் வண்டியில்தானே. வேலுச்சாமி தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். அதற்குப் பிறகு காகிதத்தைப் பார்த்தேன். கடைசியாக எழுதியிருந்த சொல் பெட்டி. அதை அடித்துவிட்டேன்.

அவரை அறியாதவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். தேவசகாயம் அண்ணன் சரக்கு வண்டியில் கார்டு. கையில் பச்சைக் கொடி, வாயில் விசில், வண்டியின் கடைசிப் பெட்டியில் வாசம். அவருடைய பாட்டும் அப்படித்தான். சுருதி முன்னால் போய்க்கொண்டிருக்கும். இவர் கடைசியில் ஆடி ஆடி வந்து சேர்வார். பாடகர் குழுவில் அவரை எங்கே நிறுத்துவது என்று போதகர் யோசித்து யோசித்து, கடைசியில் சிறை ஊழியத்துக்கு அனுப்பினார் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். அவர் காதுக்கும் போயிற்று. "கைதிங்க ஓட முடியாதுல்ல, அதான்டா தானி," என்று என்னிடமே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழ்க் கைதிகளுக்கு ஜெபக்கூட்டம் நடத்த நம் சபைக்கு அனுமதி இருந்தது. பாடலாம், வேதம் வாசிக்கலாம், ஜெபிக்கலாம். தனிப் பேச்சு கூடாது. வீட்டுச் செய்தி கூடாது. காகிதத் துண்டு கூடாது. நான் கம்பிக் கதவுக்கு வெளியே நிற்பேன்; ஆள் தெரியும், சொல் எட்டாது, அதை அண்ணன் வந்து சொல்வார். ரப்பர் விலை விழுந்த காலம் அது. மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் ரப்பரைத் திருடியவன், கள்ளுக்கடையில் மண்டையை உடைத்தவன், கங்காணியை அடித்தவன் எல்லாரும் நிழலுக்காக வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் ஜெபத்தின் நடுவில், பாலோக்காரர் காளிமுத்து தலையைத் தூக்கி, "அண்ணே, எங்க பக்கம் மழையா?" என்று கேட்டுவிட்டார். ஒட்டுப்பால் வழக்கில் உள்ளே போனவர் அவர், அஞ்சலையின் புருஷன். காவலுக்கு நின்ற சீக்கிய ஜமாதார் தடியைத் தரையில் ஓங்கித் தட்டினார். பேச்சு அடங்கியது.

அடுத்த ஞாயிறு அண்ணன் கீர்த்தனை ஒன்றை எடுத்தார். மெட்டு நாம் அறிந்த மெட்டு. சொல்தான் வேறு. பாலோவிலே மழை, நல்ல மழை, லயத்துக் கூரை ஒழுகவில்லை, அஞ்சலைக்குக் காய்ச்சல் விட்டது. ஜமாதாருக்குத் தமிழ் தெரியாது. சிறைத் துரைக்குத் தமிழும் தெரியாது, சுருதியும் தெரியாது. காளிமுத்து மட்டும் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். துரைக்கு ரொம்பத் திருப்தி. மனம் திரும்புகிறான் என்று நினைத்திருப்பார்.

அன்று முதல் அது வழக்கமாயிற்று. சனிக்கிழமை சரக்கு வண்டி எதிர்வண்டிக்காகப் பாலோவில் ஒதுங்கி நிற்கும். சுற்றுப்பட்ட தோட்டங்களிலிருந்து பெண்கள் கடைசிப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். நானும் சில தடவை தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

"கார்டண்ணே, எங்கூட்டு மனுசன்கிட்டச் சொல்லுங்க. ஆட்டை இன்னும் விக்கலன்னு."

"சொல்றேன் தங்கச்சி. புள்ளைங்க எப்படி?"

"பெரியவளுக்குப் பல்லு விழுந்திருச்சு."

"மேல் பல்லா, கீழ்ப் பல்லா?"

எனக்குப் பொறுக்காது. "அண்ணே, இது பாட்டா, பல் வைத்தியமா?" என்பேன்.

"நீ சும்மா கெடடா. மேல் பல்லா கீழ்ப் பல்லான்னு தெரிஞ்சாத்தான் அவன் அந்த மூஞ்சிய நெனச்சுப் பார்க்க முடியும். வெறுமனே பல்லு விழுந்திருச்சுன்னா எதைடா பார்ப்பான்?"

இப்படிச் சேர்த்துக்கொண்டு வரும் செய்திகளை மெட்டில் உட்கார வைத்தது யார்? அடியேன்தான். அண்ணனுக்கு எதுகையும் வராது, மோனையும் வராது. வண்டியை நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார், வரியை நிறுத்தத் தெரியாது. ரெங்கம் தோட்டத்தில் ஒரு கல்யாணம் நின்று போனதை நான் ஒரே கண்ணியில் அடக்கினேன். சிறைக்குள் பாடப்பட்ட நல்ல வரிகள் எல்லாம் என்னுடையவை. செய்தி முழுவதும் என் விரல் நுனியில். அண்ணன் வெறும் தொண்டை. இதை அவர் இருக்கும்போதே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். "ஆமாடா, நீ இஞ்சின், நான் கடைசிப் பெட்டி" என்று ஒத்துக்கொண்டார்.

அறுப்பின் பண்டிகையன்று நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். கைதிகளை அழவைக்கும் பாட்டு ஒன்று உண்டாமே என்று துரை போதகரிடம் சொல்ல, போதகர் அதைக் கோயிலில் பாடச் சொல்லிவிட்டார். அண்ணன் முதல் கண்ணியைச் சரியான சொற்களில்தான் பாடினார். ஆனால் எத்தனையோ ஞாயிறுகள் அந்த மெட்டில் வேறு சொற்களையே பாடிப் பழகிய வாய். இரண்டாம் கண்ணியில் வழி தவறி, பாலோ அஞ்சலை ஆட்டை விற்கவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு உருகினார். பின்வரிசையில் இருந்த தோட்டத்துப் பெண்கள் "ஸ்தோத்திரம்" என்றார்கள். மூப்பர் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். நான் பெஞ்சுக்கு அடியில் கிடந்தேன், சிரித்து மாளவில்லை.

போதகர் வேதப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "அந்த அம்மா ஆட்டை எதுக்கு விற்கணும்?" என்று கேட்டார். அண்ணன் பீடத்தில் நின்றபடியே விவரம் சொன்னார். அந்தப் பண்டிகையில் காணிக்கையாக வந்த பூசணியும் அரிசியும் ஏலத்துக்குப் போகவில்லை. கடைசிப் பெட்டியில் ஏறிப் பாலோவுக்குப் போயிற்று. கைதிகளின் வீடுகளுக்கு நம் சபை சாமான் அனுப்பத் தொடங்கியது அப்படித்தான். யாரோ திட்டம் போட்டுத் தொடங்கியது போல இப்போது பேசிக்கொள்கிறோம். தொடக்கம் அந்தத் தவறிய இரண்டாம் கண்ணி.

பாடாத ஞாயிறு ஒன்றும் உண்டு. காளிமுத்துவின் கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. சனிக்கிழமை அஞ்சலை பிளாட்பாரத்துக்கு வரவில்லை. பக்கத்து லயத்துக்காரி வந்து சொன்னாள். திரும்பும் வழியில் நான் வழக்கம்போல் பென்சிலை எடுத்தேன். அண்ணன் அதைப் பிடுங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சாவைப் பாடக் கூடாதுடா. பக்கத்துல உக்காந்துதான் சொல்லணும்."

மறுநாள் அவர் ஜமாதாரின் முன்னால் போய் நின்றார். என்ன கேட்டாரோ தெரியாது, இரண்டு பேருக்கும் பொதுவான மலாய் கொஞ்சந்தான். ஜமாதார் "செகெஜாப்" என்றார். கொஞ்ச நேரம்தான் என்று அர்த்தம். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அண்ணன் கைதிகளின் வரிசைக்குள் போய்க் காளிமுத்துவின் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். ஜமாதாரின் செகெஜாப் முடியவே இல்லை. மணி அடிக்கும்வரை அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மலேரியா அண்ணனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தபோது, நான் தனியாகவே பாலோவுக்குப் போனேன். கார்டு இல்லாமலே ஓடும் வண்டி நான் என்று பீற்றிக்கொண்டு போனேன். ஆட்டுச் செய்தியோடு திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எஸ்தர் அண்ணி அவர் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கண் திறக்கவே சிரமம்.

"ரெண்டு குட்டியாடா?"

"ரெண்டு அண்ணே."

"கிடாவா, பெட்டையா?"

"கேக்கலண்ணே. அதெல்லாம் பாட்டுக்குள்ள வராது. எதுகை இடிக்கும்."

அவர் சிரிக்க முயன்றார். "பெட்டைன்னா வளர்ப்பா. கிடான்னா விப்பா. அவன் அதைத்தானேடா கேப்பான்," என்றார். பிறகு குளிர் தூக்கிப் போட்டது. அண்ணி என்னை வெளியே போகச் சொன்னார். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை.

அடக்கத்துக்கு அடுத்த ஞாயிறு சிறைக்குப் போனோம்: போதகர், எஸ்தர் அண்ணி, நான். என் பையில் நீண்ட இரங்கற்பா. பாதியில் போதகரே தேம்புவார், ஜமாதாருக்குத் தமிழ் தெரியாமலே கண் கலங்கும் என்று முதல் நாளே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அண்ணன் உள்ளே வரும்போதும் கார்டுதான். எல்லாரையும் முன்னால் விட்டுக் கடைசியில்தான் வருவார். ஆகவே கைதிகள் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. வார்டர் கதவைச் சாத்தினார். அண்ணியின் வெள்ளைப் புடவையை அப்போதுதான் கவனித்தார்கள்.

நான் பாடவில்லை. இரங்கற்பா பையிலேயே இருந்தது. அது எப்படித் தொடங்குகிறது என்பதுகூட எனக்கு அப்போது நினைவில்லை. நேரே போய்க் காளிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அனுமதி கேட்கவில்லை. ஜமாதார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காய்ச்சல்," என்றேன்.

காளிமுத்து என் முதுகில் கையை வைத்தார். உளுத்தம்பருப்பு மூட்டை போலக் கனமான கை. ஆறுதல் சொல்லப் போனவன் நான், வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனும் நான். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"கடைசியா ஏதாச்சும் சேதி வச்சிருந்தாரா தம்பி?"

"உங்க ஆடு குட்டி போட்டிருக்கு. ரெண்டு."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

"கிடாவா, பெட்டையா?"

வரிகள் எல்லாம் என்னுடையவை என்று மேலே எழுதியிருக்கிறேன். செய்தி முழுவதும் என் விரல் நுனியில் என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். என் எதுகைகளில் ஒன்றையாவது நான் எழுதியபடி அண்ணன் பாடினாரா என்று அன்று கைதிகளைக் கேட்டேன். அப்படி ஒரு வரிகூட அவர்கள் கேட்டதில்லை. ரெங்கம் கல்யாணக் கண்ணி ஒருவருக்கும் தெரியவில்லை. மேல் பல்லா, கீழ்ப் பல்லா என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கீழ்ப் பல்.

சபையாரே, உங்களில் சிலர் அவருடைய விசிலையும் கொடியையும் ஞாபகமாகக் கேட்டிருக்கிறீர்கள். அண்ணி கொடுப்பார். எனக்கு அவரிடமிருந்து கிடைத்திருப்பது நான் கேட்கத் தவறிய அந்த ஒரு கேள்விதான். வரும் சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பாலோவுக்குப் போகிறேன். அண்ணியும் வருகிறார். நான் தனியாகவே பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்று அவரிடம் வீரம் பேசினேன். ஆனால் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் கையில் கொடுத்தாலும் கிடா எது, பெட்டை எது என்று எனக்குப் பார்க்கத் தெரியாது.