பாட்டு முடிந்த பிறகு அழுதவள்

பாட்டு விற்கிறவளுக்கு, வாங்கியவர் காதில் என்ன விழும் என்று தெரியாது; திட்டு மட்டும் அவளுக்குத்தான். லீவில் கவுண்டரில் நின்ற சக மாணவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

நான் நின்றது ஷார்ஜாவில், கீழக்கரை ஹமீது காக்காவின் சி.டி. கடையில். அயர்லாந்து பங்க் ராக் கோஷ்டி ஒன்றின் ஆல்பத்தைக் காக்காவிடம் சண்டை போட்டு வரவழைத்தவளும் நானே. பழைய நாட்டுப்புற வயலின், புல்லாங்குழல், மேலே டிரம்ஸ் இடி. கடலில் மூழ்கியவர்களின் கதையைத் தொண்டை கிழியச் சொல்லும் ஒருவன். காக்கா அரைப் பாட்டு கேட்டார். "ஏம்மா, இது பாட்டா, கப்பல்ல அடிதடியா?"

ஆளில்லாத ரூம்

ராஸ் அல் கைமா சிமெண்ட் ஃபாக்டரியில் வேலை பார்க்கும் ஒருவர் அந்த சி.டி.யை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார். பாட்டெல்லாம் முடிந்ததாம். பிளேயரை அணைக்காமல் சோறு வடித்திருக்கிறார். நல்ல மத்தியானம், ரூமில் யாருமில்லை. திடீரென்று ஒரு பெண் மூச்சை இழுத்து அழ ஆரம்பித்திருக்கிறாள்.

பேயாவது, பிசாசாவது! கடைசிப் பாட்டுக்குப் பின் நீண்ட மௌனம் விட்டு, உறையில் பெயர் போடாத பாட்டு ஒன்றை ஒளித்துவைப்பது இந்த மாதிரிக் கோஷ்டிகளின் வழக்கம். இது அவர்கள் ஊர் ஒப்பாரி என்று வாதாடினேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாஞ் சரி தங்கச்சி, நான் பிளேயரை அணைச்ச பிறகும் ஏன் அழுதா?"

தெரிந்த மூச்சு

அடுத்தது சாந்தி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்துத் தெருவில் வீட்டு வேலை. அவரும் அதே புகார். கடையிலேயே போட்டுக் காட்டினேன். பாட்டு ஓய்ந்தது. மௌனம். ஏ.சி.கூட அடங்கிவிட்ட மாதிரி இருந்தது. பிறகு அந்த மூச்சு. அக்கா கவுண்டரை இறுகப் பிடித்தார். "பிள்ளை, எங்கட அம்மா அழேக்கை இப்பிடித்தான் முதல் மூச்சிழுப்பா. இதை நீங்களே வைச்சிருங்கோ."

பெட்டிக்குள் போனது

காக்கா "கலாஸ், முடிஞ்சது" என்று அந்த ஆல்பம் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பப் பெட்டி கட்டினார். ஒன்றாவது இருக்கட்டும், கேட்பவர் பயந்தால் பாட்டா குற்றவாளி என்று மல்லுக்கட்டினேன். மனிதர் டேப் ஒட்டிக்கொண்டே இருந்தார்.

கதவைத் திறந்து சாந்தி அக்கா வந்தார். அம்மா இறந்துவிட்டாராம், இங்கே அந்த அழுகையைக் கேட்ட அதே நாளில். விசா கொடுத்த முதலாளி, அந்த கஃபீல், பாஸ்போர்ட்டைத் தரவில்லை, ஊருக்குப் போக வழியில்லை. என்ன அநியாயம், லேபர் ஆபீசுக்குப் போவோம், மனு நான் எழுதுகிறேன் என்று கொதித்தேன். அக்காவின் கண் பெட்டியிலேயே இருந்தது. "அதெல்லாம் பிறகு, பிள்ளை. சேர்ந்து அழ இங்க எனக்கு ஒருத்தரும் இல்லை. அவவை இன்னொருக்கா அழச் சொல்லுங்கோ."

காக்கா டேப்பைக் கிழித்து, பெட்டியிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தார். அந்த லீவில் நான் ஜெயித்த ஒரே வழக்கு, அதிலும் வாதாடியது நானில்லை.