நடுமுள்

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில், ஒரு கூடை நெத்திலிக்காக என் கொழுந்தன் பொண்டாட்டியின் கையை ஒடித்தவள் நான். ஏலம் எனக்கு முடிந்த பிறகு அவள் வந்து கூடையைப் பிடித்து இழுத்தாள். "உடுடி நாயே!" என்று ஒரு கையால் அவள் கொண்டையைப் பற்றி, மறுகையால் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினேன். முருங்கைக் கிளை போல மளுக்கென்று ஒடிந்தது. அலறிக்கொண்டு விழுந்தாள். அப்போதும் அவள் கொண்டையை நான் விடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவளை இழுத்துக்கொண்டு ஓடியவளும் நான்தான். நான்தான் ஒடித்தேன் என்றதும், எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "இது உங்க பலம் இல்லம்மா. எலும்பு உளுத்துப்போயிருக்கு" என்றார். மாதவிலக்கு நின்றபின் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து வேகமாகக் குறையுமாம்; சாப்பாட்டாலும், சுமை தூக்கி நடப்பதாலும்தான் ஈடுகட்ட வேண்டுமாம். "மீன் சாப்புடுறீங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மீன்காரியப் பாத்து கேக்குற கேள்வியா இது?"

"நெத்திலிய முள்ளோட சாப்புடுறீங்களா?"

முள்ளை எங்கே தின்றோம்? கடலுக்குப் போகும் ஆண்களின் தொண்டையில் குத்தக்கூடாதென்று நடுமுள்ளை உருவிப் பூனைக்குப் போடுகிறோம். சதை அவர்களுக்கு. எங்களுக்குச் சட்டியில் மிஞ்சும் குழம்பு. கூடை சுமந்து நடப்பதையும் விட்டு, இப்போது ஆட்டோவில் போகிறோம்.

என்னையும் சோதித்துப் பார்த்தார்கள். என் எலும்பு அவளுடையதைவிட மோசம் என்றார் டாக்டர்.

அவள் தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டையே உற்றுப் பார்த்தாள்.

"தெரிஞ்சிருந்தா மொதல்ல நான் முறுக்கியிருப்பேன்" என்றாள்.