இடுப்பில் முறிவு, கணுக்காலில் கட்டு

அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் மாவட்டப் போட்டிக்காக நூறு மீட்டர் ஓடிப் பழகிக்கொண்டிருந்தேன். விசில் ஊதியதும் பாய்ந்தேன். வலது இடுப்பின் முன்பக்கம் ‘டப்’ என்று ஏதோ தெறித்தது. அடுத்த கணம் வாயெல்லாம் மண். பி.டி. டீச்சர் சதைப்பிடிப்பு என்று சொல்லி எழுப்பிவிட்டார். காலைத் தூக்கி வைக்க முடியவில்லை.

தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, தலையில் பஞ்சுத் தூசியோடு அப்படியே ஓடி வந்தார். அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்பெலும்பின் ஓரத்தில், தொடைத் தசை பற்றியிருக்கும் இடத்தில், ஒரு சில்லு பிய்ந்து விலகி நின்றது.

“வளர்ற வயசுல்ல, எலும்பு இன்னும் முத்தல. ஓடுற வேகத்துல தசை இழுத்துப் பிச்சிருச்சு. ஆபரேஷன் வேணாம். கக்கத்துல கட்டை ஊண்டி நடக்கட்டும். படுக்கையில முட்டிக்கு அடியில தலகாணி வைங்க. தானா ஒட்டிக்கிரும். ஆனா யாரும் உருவவோ இழுக்கவோ கூடாது. இழுத்தா சில்லு இன்னும் விலகிரும்.”

அப்பா தலையாட்டினார். அம்மா மட்டும் கதவருகே நின்று, என் காதில் விழாது என்ற நம்பிக்கையில், “நாளைக்கு இவ பிள்ள பெக்குறதுக்கு ஒண்ணும் பாதகமில்லையே?” என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றார் டாக்டர். அம்மா நம்பியதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, ஒரு குறையுமில்லாத என் கணுக்காலில் துணிக்கட்டுப் போட்டாள். யார் கேட்டாலும் கால் சுளுக்கு என்று சொல்ல வேண்டும். செல்லூரில் எங்கள் சந்தில் ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் ‘நூறு’ என்பார்கள். அங்கே இடுப்பு என்ற பேச்சே எழக்கூடாதாம். இடுப்பில் முறிந்தது எப்படிக் கணுக்காலுக்கு இறங்கியது என்று எனக்கு விளங்கவில்லை.

பொய் நன்றாகவே பரவியது. ஞாயிற்றுக்கிழமை காலையில், பரவையிலிருந்து அப்பாவின் அக்கா சுளுக்கெடுப்பவர் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா தறிக்குப் போயிருந்தார்.

“அண்ணே கைபட்டா எம்புட்டுச் சுளுக்கும் ஓடிரும். ஒரே இழுப்புதான்” என்றாள் அத்தை.

அவர் கட்டைப் பிரித்தார். “வீக்கமே இல்லையே தாயி?” என்று முகம் சுளித்தபடி எண்ணெய் தடவினார்.

“சுளுக்குக்கு எதுக்கு முட்டியில தலகாணி?” என்று அத்தை அதை உருவினாள். இடுப்பில் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“காபி ஆறுதுண்ணே, குடிச்சிட்டுப் பாருங்க” என்றாள் அம்மா.

“இருக்கட்டும்மா.” அவர் ஒரு கையால் குதிகாலையும் மறு கையால் பாதத்தையும் பிடித்தார். “மூச்ச இழுத்துப் புடி தாயி.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் பின்னால் சாய்ந்து கைகளை இறுக்கினார்.

“கால விடுங்கண்ணே!” அம்மா கையிலிருந்த டம்ளர் தரையில் உருண்டது. “சுளுக்கு இல்ல மதினி. இடுப்பெலும்பு... பிஞ்சிருக்கு.”

அவர் என் காலை மெல்லக் கீழே வைத்தார். அத்தை என் இடுப்பைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. “வாங்கண்ணே, போவோம்” என்று எழுந்துவிட்டாள்.

எனக்கு அம்மா மேல்தான் கோபம். கடைசி நொடி வரை வாயைத் திறக்காமல் நின்றாளே! ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. “நான் திரும்ப ஓடலாமாம்மா?” என்று கேட்டேன்.

“டாக்டர் சொல்லட்டும், ஓடு. இனிமே யாருக்குப் பயப்படணும்?”

சில்லு ஒட்டிக்கொண்டது. மறுவருடம் ஓடினேன். அத்தை அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கூட்டி வந்தவரைத் திருப்பி அனுப்பிய கோபம் என்றே நினைத்திருந்தேன். பாலிடெக்னிக்கில் படித்த அத்தை மகனுக்கு என்னைக் கொடுப்பதாகப் பெரியவர்கள் பேசி வைத்திருந்ததும், அது அன்றோடு நின்றுபோனதும் அப்போது எனக்குத் தெரியாது. அன்று, அம்மா ஓடச் சொல்லிவிட்டாளே என்ற மகிழ்ச்சியில் நான் கிடந்தேன். அம்மா குனிந்து, சிந்திய ஒரு டம்ளர் காபியை வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.